பத்தாயிரத்துக்குள் ஒரு டேப்லெட்: மலையில் இருப்பவர்கள் விற்பனை நின்றுபோன மாடலை வாங்குவது எப்படி

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கம் இருந்துகொண்டு முதல்முறையாக டேப்லெட் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைக்குப் பாடம் பார்க்க வேண்டும், கடைக் கணக்கு எழுத வேண்டும், அம்மா வெளியூர்ப் பேரனோடு வீடியோவில் பேச வேண்டும். கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய். இந்தப் பணத்துக்குப் புதிதாகக் கிடைக்கும் பெயர் தெரியாத டேப்லெட்டைவிட, ஒரு காலத்தில் நல்ல விலைக்கு விற்று இப்போது கம்பெனி நிறுத்திவிட்ட மாடல் எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. சாம்சங் டேப் ஏ7 வந்தபோது வைஃபை மாடல் ரூ. 17,999. ஐபேட் 6ஆம் தலைமுறை இங்கே ரூ. 28,000க்கு வந்தது. அந்தத் திரையும் அந்தக் கட்டுமானமும் இன்றைய ஐயாயிரம் ரூபாய்ப் புதுப்பெட்டியில் வராது.

ஆனால் ஒரு நிபந்தனை. எல்லாச் சோதனையையும் கடையிலேயே, பணம் கொடுக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். சமவெளியில் இருப்பவர் “சரியில்லையென்றால் நாளைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம்” என்று நினைக்கலாம். நமக்கு அது செல்லாது. கோயம்புத்தூருக்கு இறங்கி ஏறினால் பஸ், சாப்பாடு, ஒருநாள் வேலை எல்லாம் போச்சு. விலையில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். நான் வாங்கிய முதல் கருவி வீட்டுக்கு வந்த பிறகுதான் யாரோ ஒருவருடைய கணக்கில் பூட்டியிருப்பது தெரிந்தது. கடைக்காரர் போனை எடுக்கவே இல்லை. அதன் பிறகு அலைந்து தெரிந்துகொண்டவைதான் கீழே இருப்பவை.

1. பணத்தை முதலில் பிரித்து வையுங்கள்

பத்தாயிரம் இருந்தால் பத்தாயிரத்துக்கும் கருவி வாங்காதீர்கள். கருவிக்கு 7,500. நல்ல சார்ஜர், கேபிள், கவர், கண்ணாடி ஒட்ட 1,000. மீதி 1,500ஐத் தொடாமல் வைத்திருங்கள், அது பேட்டரிக்கு. பழைய டேப்லெட்டில் முதலில் போவது பேட்டரிதான். வாங்கும்போது நன்றாக இருந்தாலும் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டி வரும். வாங்கப்போகும் மாடலுக்கு பேட்டரி மாற்ற எவ்வளவு என்று இரண்டு சர்வீஸ் கடையில் முன்கூட்டியே போனில் கேளுங்கள். “அந்த மாடலுக்கு வராது” என்று இருவருமே சொன்னால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

பிரபலமான பழைய மாடலை நான் சிபாரிசு செய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். நிறைய விற்ற மாடல் என்றால் உதிரி பாகமும் இருக்கும், அதைத் திறந்து பழகிய கையும் இருக்கும்.

2. மாடலைத் தேர்வு செய்யும்போது கடைசி மென்பொருளைப் பாருங்கள்

விற்பவர் ராம், கேமரா, ஸ்பீக்கர் என்று அடுக்குவார். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இது எந்த மென்பொருள் வரைக்கும் போகும்? அது பழையதாக நின்றுவிட்டால் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிட ஆரம்பிக்கும். வன்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

சாம்சங்கில் நான் பார்க்கச் சொல்பவை: டேப் ஏ7 (2020, 10.4 அங்குலம்) ஆண்ட்ராய்டு 12 வரை போகும். டேப் ஏ8 (10.5 அங்குலம்) 14 வரை. சின்னதாக வேண்டுமென்றால் டேப் ஏ7 லைட் (8.7 அங்குலம்), அதுவும் 14 வரை. எழுதவும் வரையவும் வேண்டுமென்றால் டேப் எஸ்6 லைட். பேனா கூடவே வரும், அந்தப் பேனாவுக்கு சார்ஜ் போடத் தேவையில்லை. அதில் 2020 மாடல் 13 வரை, 2022 மாடல் 14 வரை. பார்க்க இரண்டும் ஒன்றேதான், அதனால் பின்பக்கம் உள்ள மாடல் எண்ணைப் பாருங்கள்: பி610, பி615 என்றால் பழையது, பி613, பி619 என்றால் புதியது. பழையதைப் புதியது என்று சொல்லி விலை ஏற்றுவது வழக்கம்.

2019இல் வந்த 8 அங்குல டேப் ஏ (டி290, டி295) மலிவாகக் கிடைக்கும். 2 ஜிபி ராம், ஆண்ட்ராய்டு 11, மைக்ரோ யூஎஸ்பி. பாட்டு கேட்க, பிடிஎஃப் படிக்கப் போதும். வகுப்பு, வீடியோ கால், பத்துப் பக்கம் திறந்த பிரவுசர் என்று போனால் மூச்சு வாங்கும்.

ஐபேடில் 5ஆம் தலைமுறை (2017) ஐபேட்ஓஎஸ் 16இல் நின்றுவிட்டது. 6ஆம் தலைமுறை (2018) 17இல், 7ஆம் தலைமுறை (2019) 18இல். 8ஆம் தலைமுறை (2020) 26 வரை வந்திருக்கிறது. 18க்கு அடுத்து 26தான். ஆப்பிள் எண் வைக்கும் முறையை மாற்றிவிட்டது, நடுவில் எதையும் நீங்கள் தவறவிடவில்லை. பத்தாயிரத்துக்குள் என்றால் 6 அல்லது 7. இந்த வரிசையில் ஒரு நல்ல விஷயம், மேல் கண்ணாடியும் உள்ளே உள்ள டிஸ்பிளேயும் தனித்தனி. கண்ணாடி மட்டும் உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். ஐபேட் ஏர் 2, மினி 4 போன்றவற்றில் இரண்டும் ஒட்டியே வரும், உடைந்தால் செலவு பெரிது. முதல் ஐபேட் ஏர், மினி 2, மினி 3 எல்லாம் ஐஓஎஸ் 12இலேயே நின்றவை. யாராவது இரண்டாயிரத்துக்குக் கொடுத்தாலும் பாட்டுப் பெட்டியாகத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஐபேடில் மெமரி கார்டு போட இடமில்லை, அதனால் 32 ஜிபி என்றால் யோசியுங்கள். சாம்சங்கில் மேலே சொன்ன எல்லாவற்றிலும் கார்டு போடலாம்.

“12 ஜிபி ராம், 512 ஜிபி, புத்தம் புதுசு, ஐயாயிரம்” என்று விளம்பரம் வரும். அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

3. சிம் போடுவதா, வைஃபை மட்டுமா

மலைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சிம் போடும் மாடலுக்கு விலை கூடுதல். அதைக் கடையில் சிம் போட்டுப் பார்த்தால் ஐந்து கோடும் நிற்கும். ஏனென்றால் கோயம்புத்தூரில் எல்லா அலைவரிசையும் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே நம்மூரில், டவர் ஒரு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது, வளைந்து நெளிந்து வீடுவரை வருவது தாழ்ந்த அலைவரிசைதான். ஜியோவுக்கு 850 மெகாஹெர்ட்ஸ் (பேண்ட் 5), பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 (பேண்ட் 28), ஏர்டெலுக்கு 900 (பேண்ட் 8). வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கருவியில் இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் இருக்கலாம். கடையில் ஓடும், உங்கள் வீட்டுத் திண்ணையில் ஓடாது. மாடல் எண்ணைப் போட்டு எந்தெந்த பேண்ட் ஆதரிக்கும் என்று தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரில் எடுக்கும் சிம்முக்குரிய பேண்ட் அதில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

3ஜி மட்டும் உள்ள டேப்லெட்டைத் தொடவே வேண்டாம். ஜியோவில் 3ஜி எப்போதுமே கிடையாது. ஏர்டெல் 2020இலேயே 3ஜியை மூடிவிட்டது.

என்னைக் கேட்டால் வைஃபை மாடல் போதும், போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம். எந்த ஜன்னலில் சிக்னல் வருகிறதோ அங்கே போனை வைத்துவிட்டு நீங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஒன்று மட்டும்: வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. தோட்ட அளவு, வரைபடம் போன்ற வேலை இருந்தால் அது உதவாது.

4. எங்கே, எப்போது வாங்குவது

ஊட்டி கமர்ஷியல் ரோடு, குன்னூர் பெட்போர்டு பக்கம் உள்ள மொபைல் கடைகளில் முதலில் சொல்லி வையுங்கள். டேப்லெட் எப்போதாவதுதான் வரும், விலையும் ஐந்நூறு ஆயிரம் கூட இருக்கும். ஆனாலும் கேட்டு வையுங்கள். பழுதானால் நடந்துபோய்க் கேட்க ஓர் ஆள் இருப்பதற்கு அந்த ஆயிரத்தைக் கொடுக்கலாம். கிடைக்கவில்லையென்றால் கோயம்புத்தூர் காந்திபுரம், கிராஸ்கட் ரோடு சுற்றுவட்டாரம். அங்கே ஒரே தெருவில் நாலு கடை ஏறி இறங்கலாம்.

ஆன்லைனில் ரீபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிபார்த்துச் சீராக்கி, விற்கும் பெரிய தளங்களும் உண்டு. ஆர்டர் போடும் முன் உங்கள் பின்கோடுக்கு டெலிவரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. திருப்பி எடுத்துக்கொள்ள ஆள் வருவார்களா என்றும் பாருங்கள். கூடலூர், பந்தலூர் உள்ளடங்கிய ஊர்களுக்குக் கொடுப்பார்கள், எடுக்க வரமாட்டார்கள். திருப்பி அனுப்பும் கெடுவும் அதற்குள் முடிந்துவிடும். பார்சல் வந்ததும் பிரிக்கும் நிமிடத்திலிருந்து வீடியோ எடுங்கள்.

காலம் என்றால், தீபாவளிக்கு அப்புறம் எக்ஸ்சேஞ்சில் போட்ட பழைய கருவிகள் கடைக்கு வரும். மே கடைசி, ஜூன் பள்ளி திறக்கும் நேரத்தில் எல்லோரும் தேடுவார்கள், விலை இறங்காது. ஏப்ரல், மேயில் சீசன் கூட்டத்தில் மலைப்பாதையில் பாதி நாள் போய்விடும். அந்த மாதங்களைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். பெருமழை நாட்களில் மண்சரிவால் ரோடு அடைத்தால் கூரியரும் கீழேயே நின்றுவிடும்.

போகும் அன்று முதல் பஸ் பிடியுங்கள். சோதனைக்கு ஒரு கருவிக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். மதியத்துக்கு மேல் போய், கடைசி பஸ்ஸை நினைத்து அவசரப்பட்டால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

5. எடுத்துப் போக வேண்டியவை

இணையம் உள்ள போன், அதில் ஹாட்ஸ்பாட். உங்கள் ஜிமெயில் முகவரியும் கடவுச்சொல்லும், ஐபேட் என்றால் ஆப்பிள் கணக்கு. ஒரு ஹெட்போன், ஒரு மெமரி கார்டு, தெரிந்த நல்ல சார்ஜர். ஆதார் நகல் கேட்டால் கொடுக்க, முதல் எட்டு எண் மறைத்த ஆதாரை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். முழு ஆதாரை எந்தக் கடையிலும் விட்டு வராதீர்கள்.

6. கடை மேசையில் செய்ய வேண்டிய சோதனை

பூட்டு. முதலில் இது, மற்றதெல்லாம் பிறகு. ஆண்ட்ராய்டில் பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு அகற்றப்படாமல் அழித்திருந்தால், மறுபடி தொடங்கும்போது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். ஆண்ட்ராய்டு 5.1 முதல் இந்தக் காவல் உண்டு. ஐபேடில் இதற்கு ஆக்டிவேஷன் லாக் என்று பெயர். சில கடைகளில் இதைக் குறுக்குவழியில் தாண்டி, எல்லாம் ஓடுவதுபோலக் காட்டி விற்றுவிடுவார்கள். அடுத்த முறை ரீசெட் செய்யும்போது, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் தொடங்கும்போது, பூட்டு திரும்ப வரலாம். அதனால் “ஓடுகிறது பாருங்கள்” என்று காட்டுவதை ஏற்காதீர்கள். உங்கள் கண்ணெதிரே செட்டிங்ஸ் வழியாக முழு ரீசெட் போடச் சொல்லுங்கள். அது முடிந்து வரவேற்புத் திரை வந்ததும் உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரை போங்கள்.

இணையம் கட்டாயம் வேண்டும். இணைக்காமல் தாண்டிப் போனால் இன்னொரு பொறி தெரியாமல் போய்விடும்: கம்பெனி, பள்ளி, பயிற்சி நிறுவனம் கொடுத்த கருவிகளில் நிர்வாகப் பூட்டு இருக்கும். இணையம் கிடைத்த உடனே “இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது” என்ற பொருளில் ஒரு திரை வரும், ஐபேடில் ரிமோட் மேனேஜ்மென்ட் என்று வரும். வந்தால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். “அதை எடுத்துத் தருகிறேன், இருநூறு ரூபாய்” என்பார்கள். வேண்டாம். அரசு முத்திரை உள்ள கருவியையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

திருட்டு. சிம் மாடலுக்கு ஐஎம்இஐ எண், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியான அடையாள எண், இருக்கும். டயல் செய்யும் வசதி இருந்தால் *#06# அழுத்துங்கள், இல்லாவிட்டால் செட்டிங்ஸில் பாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். அல்லது ஆங்கில எழுத்தில் கே, ஒய், எம் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, 15 இலக்க எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். தடுப்புப் பட்டியலில் இருக்கிறது, இரட்டை எண் என்று வந்தால் கைவைக்காதீர்கள். வைஃபை மாடலுக்கு இந்த எண் கிடையாது, தொடர் எண் மட்டும்தான். அப்போது பெட்டியிலோ பழைய பில்லிலோ உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பேட்டரி. கருவியை மேசையில் குப்புறவும் நிமிர்த்தியும் வையுங்கள். ஆடினாலோ, திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம், அது ஆபத்து. அப்புறம் வெளிச்சத்தை முழுதாக வைத்து, ஹாட்ஸ்பாட்டில் இருபது நிமிடம் வீடியோ ஓடவிடுங்கள். நல்ல பேட்டரி என்றால் நான்கைந்து சதவீதம் குறையும். எட்டு, பத்து என்று குறைந்தால் பழுது. இதோடு நமக்கு இன்னொரு கணக்கு உண்டு: குளிரில் பழைய லித்தியம் பேட்டரியின் உள்தடை கூடும். கோயம்புத்தூர் வெயிலில் ஒழுங்காக ஓடியது, டிசம்பர் ராத்திரி ஊட்டியில் 25 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். அதனால் கடையில் ‘பரவாயில்லை’ என்று தோன்றும் பேட்டரியை மேலே ‘மோசம்’ என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். இந்தப் பழைய ஐபேடுகளின் செட்டிங்ஸில் பேட்டரி ஆரோக்கியம் காட்டாது. கடையில் கம்ப்யூட்டர் இருந்தால் 3யூடூல்ஸ் என்ற மென்பொருளைப் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

திரை. முழு வெள்ளைப் படம், முழுக் கறுப்புப் படம் இரண்டையும் திறந்து புள்ளி, கறை, ஓர நிழல் பாருங்கள். ஒரு செயலிப் படத்தை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரை முழுதும் வரிவரியாக இழுங்கள். எங்காவது படம் விரலோடு வராமல் நின்றுவிட்டால் அந்த இடத்தில் டச் செத்திருக்கிறது.

மீதியெல்லாம் விரைவாக: சார்ஜர் குத்தி ஆட்டிப் பாருங்கள், விட்டு விட்டு ஏறினால் வேண்டாம். ஸ்பீக்கர், மைக், இரண்டு கேமரா, ஹெட்போன் துளை, கார்டு. ஒரு வீடியோ கால் போட்டால் இவற்றில் பாதி முடிந்துவிடும். சார்ஜ் போடும் துளைக்குள் டார்ச் அடித்துப் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா பாருங்கள். அது ஈரம் போன கருவி. மலையிலிருந்து விற்பனைக்கு வரும் கருவிகளில் இதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

7. காகிதம்

பில் வேண்டும். அதில் கடையின் பெயர், முகவரி, தேதி, மாடல் எண், ஐஎம்இஐ அல்லது தொடர் எண், ‘பயன்படுத்தியது’ என்ற குறிப்பு, தொகை, வாரண்டி நாள் எல்லாம் இருக்க வேண்டும். “செக்கிங் வாரண்டி மூணு நாள்” என்று வாயால் சொல்வார்கள். பதினைந்து நாள் கேளுங்கள், ஒரு வாரத்துக்குக் கீழே இறங்காதீர்கள், அதை பில்லில் எழுத வையுங்கள். மேலே இருந்து வருகிறோம் என்று சொன்னால் பல கடைக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

தனி ஆளிடம் வாங்கினால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குங்கள்: அவர் பெயர், முகவரி, கருவியின் எண், தொகை, தேதி, “இது என்னுடையது, முழு உரிமையோடு விற்கிறேன்” என்ற வரி, கையெழுத்து. கூடவே அவருடைய அடையாள அட்டை நகல். பழைய பில் இருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317ஆம் பிரிவில் குற்றம். “பாதி விலைக்குக் கிடைத்தது, பில் கேட்கவில்லை” என்பது உங்களுக்குச் சாதகமான பதில் ஆகாது.

கடையில் வாங்கி ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஊட்டியிலேயே இருக்கிறது. தனி ஆளிடம் வாங்கியதற்கு இந்த வழி கிடையாது. விலை பேசும்போது இந்த வித்தியாசத்தையும் கணக்கில் வையுங்கள்.

8. பணம் கொடுப்பது

பொருளைக் கையில் வாங்கிச் சோதித்த பிறகுதான் பணம். முன்பணம் இல்லை, கூரியர் செலவு இல்லை, ‘புக்கிங்’ இல்லை. யூபிஐயில் அனுப்பினால் பில்லில் அந்தப் பரிவர்த்தனை எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

இணைய விளம்பரத்தில் “நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், பொருளை ராணுவ பார்சலில் அனுப்புகிறேன்” என்று ஒருவர் பேசினால் கவனம். இந்த மோசடி நாடு முழுதும் நடப்பது. ராணுவ முகாம் உள்ள வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் நமக்கு அது நம்பும்படியாக இருக்கும். அடையாள அட்டை படம்கூட அனுப்புவார்கள். நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், ஆள் காணாமல் போய்விடுவார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

9. மேலே கொண்டுவந்த பிறகு

வாரண்டி நாட்களுக்குள் தினமும் நன்றாக ஓட்டுங்கள். பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வாரண்டி முடிந்தபிறகு திறப்பவர்களை எனக்குத் தெரியும். உங்கள் ஊர் சிக்னலில், உங்கள் ஊர்க் குளிரில், ஒருமுறை முழுதாக இறக்கி ஒருமுறை முழுதாக ஏற்றிப் பாருங்கள்.

குளிரில் வெளியே கொண்டுபோய்விட்டு வந்து உடனே சார்ஜ் போடாதீர்கள். உள்ளே நீர் கோத்திருக்கும். அரைமணி நேரம் அறையில் கிடக்கட்டும். கணப்புச் சட்டி பக்கத்தில் வைத்துச் சூடேற்றுவதும் வேண்டாம், கம்பளிக்குள் வைத்து சார்ஜ் போடுவதும் வேண்டாம். மழை மாதங்களில் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள், புதுச் செருப்புப் பெட்டியில் வருவதே போதும். வாரக்கணக்கில் எடுக்கப் போவதில்லையென்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.

வங்கிச் செயலியையும் யூபிஐயையும் இதில் போடாதீர்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கருவி பாடம், வீடியோ, கணக்கு நோட்டு, தட்டச்சு இவற்றுக்குத்தான். தமிழில் அடிக்க ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் போதும். ஐபேடில் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் உள்ளேயே இருக்கின்றன, செட்டிங்ஸ் போய் விசைப்பலகையில் இயக்க வேண்டியதுதான்.

பில்லைப் போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். கடை அச்சடிக்கும் அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.